ஜொகூரில் ஒரு மொட்டை மாடி

இந்த ஊரில் வெயிலை நம்பி யாரும் துணி காயப்போடுவதில்லை. ஜொகூரில், சிங்கப்பூருக்கு அக்கரையில் இருக்கும் தெப்ராவில், எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் கார் நிறுத்தும் கூரைக்கடியில்தான் சட்டைகளும் கைலிகளும் தொங்கும். காலையில் கார் வெளியே போனதும் அந்த இடத்துக்குத் துணிக்கொடி வந்துவிடும். மாலையில் கார் திரும்பினால் துணி உள்ளே போகும். வெளியே சுள்ளென்று வெயில் அடிக்க, நிழலில் துணியை ஒளித்து வைக்கும் ஊரைப் பாருங்கள் என்று வந்த புதிதில் மதுரைக்குப் போன் போட்டுக் கிண்டலடித்தேன். அந்த வாரமே என் போர்வைகள் திரும்பத் திரும்ப நனைந்ததில் வாயை மூடிக்கொண்டேன். பளிச்சென்று இருக்கும் வானம், அரிசியைக் களைந்து உலையில் போடுவதற்குள் இருட்டிக் கொட்டித் தீர்த்துவிடும். அதனால்தான் இங்கே எல்லா வீட்டுக்கும் சரிந்த ஓட்டுக் கூரை. பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டமாக இருந்த நிலமெல்லாம் இப்போது குடியிருப்பாகிவிட்டது. ஆண்டுக்கு ஒரு புதுத் தாமான், நம் ஊர் 'நகர்' மாதிரி, எழும்புகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஓடுதான். ஏறி நிற்க ஒரு மொட்டை மாடி கிடையாது.

ஊரிலிருந்து படிக்கும் உங்களுக்கு மொட்டை மாடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. மதுரையில் எங்கள் வீடு நெருக்கமான சந்தில் இருந்தது. கீழே இரண்டு அறைகள், வெளிச்சம் அவ்வளவாக வராது. அம்மா சமைத்தது அங்கே என்றாலும், வாழ்ந்தது மாடியில். தட்டோடு பதித்த அந்தத் தளத்தில் சாயங்காலம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவாள். சூடு ஏறிய தரை புஸ்ஸென்று ஆவி விடும், அந்த வாசனைக்கே பாதிக் களைப்பு போய்விடும். கோடையில் கூழ் வற்றலும் மிளகாயும் காயும். ராத்திரி பாயை உதறிப் போட்டால் குடும்பமே வரிசையாகப் படுக்கும். நான் பரீட்சைக்குப் படித்தது அங்கே. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களைப் பற்றி அப்பாவும் அம்மாவும் குசுகுசுவென்று பேசிக்கொண்டதும் அங்கேதான்.

அப்பா போன பிறகு அம்மா தனியாகிவிட்டாள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. என் கணவர் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர், நான் இங்கே ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் இருக்கிறேன். திரும்பி வருவது நடக்கிற காரியம் இல்லை. அம்மாவை இங்கே அழைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி. ஒவ்வொரு தடவை கேட்டபோதும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "உன் வீட்டுல மாடியே இல்லையேடி. பொழுதன்னைக்கும் நாலு செவத்துக்குள்ள நான் என்னத்தப் பண்ணுவேன்?"

சரி, அதுதானே குறை, கட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். எங்கள் ஊர்க்காரிக்குத்தான் இப்படி ஒரு வீம்பு வரும். பின்பக்கச் சமையலறையை நீட்டிக் கட்ட ஏற்கெனவே அனுமதி வாங்கியிருந்தோம். அதன் மேல் ஓட்டுக்குப் பதில் தட்டையாகக் காங்கிரீட் போடச் சொன்னேன். கட்டட வேலையை எடுத்திருந்த குத்தகைக்காரர் ஆ செங், தண்ணீர் நிற்கும், ஒழுகும் என்று மலாயில் சொல்லிப் பார்த்தார். மதுரையில் ஒழுகாதது இங்கே மட்டும் எப்படி ஒழுகும் என்று என் அரைகுறை மலாயில் மடக்கினேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். முடிந்தபின் போய்ப் பார்த்தால், மேலே ஏற சுவரோடு செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி அடித்து வைத்திருக்கிறார். கைப்பிடிச் சுவரும் இல்லை. தண்ணீர்த் தொட்டி வைக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்தாராம். என் அம்மா மேலே உட்காருவார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஏன், வீட்டுக்குள்ள இடம் இல்லையா?"

அவர் கேட்டதில் கேலி எதுவும் இல்லை, அம்மாவுக்காக நிஜமாகவே வருத்தப்பட்டார். அவருக்கு மொட்டை மாடியைப் புரியவைக்க என்னிடம் இருந்த மலாய் போதவில்லை. கடைசியில் வீட்டின் மேல்தளப் பின்னறை ஜன்னலை உடைத்து மாடிக்குப் போகும் கதவாக்கி, இடுப்பளவு சுவரும் எழுப்பிக் கொடுத்தார்.

அம்மா வந்தாள். பெட்டியை வைத்துவிட்டு முதலில் பார்த்தது மாடியைத்தான். தளத்தைக் காலால் தடவிப் பார்த்து, "சிமிட்டி வாசம் போகல" என்றாள். முகத்தில் பெருமை தெரிந்தது. பிடித்துப்போய்த் தங்கிவிட்டால் நீண்ட நாள் அனுமதிக்கு விண்ணப்பித்துவிடலாம் என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலமே வாளியில் தண்ணீர் பிடித்து மாடியெங்கும் ஊற்றினாள். அது குழாய் வழியாகப் பின்சந்தில் சளசளவென்று கொட்டியது. சத்தம் கேட்டு வெளியே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா, மேலே ஒரு வயதான அம்மா நிற்பதைப் பார்த்து அலறிவிட்டார்.

"அலமாக்! அம்மா, எறங்குங்க லா! தண்ணி வந்திருச்சா?"

லெட்சுமி அக்கா சிகாமட் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியபோதெல்லாம் குடும்பத்தோடு கூரையில் உட்கார்ந்து படகுக்குக் காத்திருந்தவர். "கூர மேல யாரும் நின்னா எனக்குப் பயமா இருக்கும் மா. எங்களுக்கு மேல ஏறுறதுன்னா வெள்ளந்தான்" என்றார் பிறகு, சிரித்துக்கொண்டே. அம்மாவும் சிரித்தாள். நான் எல்லாவற்றையும் விட அதிகமாகச் சிரித்தேன். என் திட்டம் பலித்துவிட்டது என்று அவ்வளவு சந்தோஷம்.

முதல் வாரங்களில் அம்மா காலையும் மாலையும் மேலே போனாள். பிறகு மாலையில் மட்டும். பிறகு நான் வேலை முடிந்து வரும்போது கூடத்தில், விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். மழையா என்றால் இல்லை என்பாள், முழங்கால் வலியா என்றால் அதுவும் இல்லை. ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே போனேன். மழை விட்டு வானம் சுத்தமாக இருந்தது. இதை விட உனக்கு என்னம்மா வேண்டும் என்று கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன்.

"மாடி நல்லாத்தான் கட்டியிருக்க. பக்கத்து மாடி எங்கடி?" என்றாள். "அங்குட்டுப் பாத்தாலும் ஓடு, இங்குட்டுப் பாத்தாலும் ஓடு. ஏறி நின்னா யாராச்சும் என்ன கொழம்புன்னு கேக்கணும்ல? இங்க காக்காகூட என்னைய அதிசயமாப் பாத்துட்டுப் போகுது."

மதுரை வீட்டு மாடியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் வானத்தையும் காற்றையும் நினைத்தேனே தவிர, கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்த கிண்ணங்களை நினைக்கவில்லை. வடாம் மாவில் உப்புப் பார்க்கச் சொல்லி நீட்டிய கைகள், எதிர் மாடிப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்த சேதி, அப்பா போன அன்று ராத்திரி சுற்றிலும் எல்லா மாடியிலும் நின்றுகொண்டிருந்தவர்கள். இங்கே லெட்சுமி அக்கா நல்லவர், ஆனால் ஷிஃப்ட் வேலை. மற்றவர்கள் கேட்டைத் திறந்து காரில் போகிறார்கள், கேட்டைத் திறந்து காரில் வருகிறார்கள். நானும் அப்படித்தான் இருக்கிறேன். காங்கிரீட் போடலாம், அதை எல்லாம் எந்தக் குத்தகைக்காரரிடம் கேட்பது?

வருகை அனுமதி முடிவதற்கு முன்பே அம்மா கிளம்பிவிட்டாள். "கோவிச்சுக்காத தாயி" என்று கன்னத்தைத் தடவினாள். எனக்குக் கோபம் இல்லை. விமான நிலையத்திலிருந்து வீடு வரும்வரை அழுதேன்.

ஆண்டு இறுதி மழையில் மாடி ஒழுகத் தொடங்கியது, சரியாக அடுப்புக்கு மேலே. ஆ செங் வந்து பார்த்து, முழுக்கத் தகரக் கூரை போட்டு மூடிவிடலாம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று நாளைக் கடத்தினேன். குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டே சமைத்தேன். மூடிவிட்டால் அம்மா இனி வரமாட்டாள் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாகத் தோன்றியது. போனில் சொன்னபோது அம்மா திட்டினாள். "அடுப்புல தண்ணி சொட்டுறத வச்சுக்கிட்டு யாருக்குடி காத்துக்கிட்டு இருக்க? மூடிரு."

அடுப்புக்கு மேல் இருக்கும் பாதியை மட்டும் மூடச் சொன்னேன். துணி துவைக்கும் பக்கத்துக்கு மேலே இருக்கும் மீதி அப்படியே கிடக்கட்டும், ஒழுகினால் ஒழுகட்டும். இதற்குப் பேர் கூரையா என்று ஆ செங் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் போட்டுக் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன். மதுரையில் இன்னும் வெயில் இறங்கவில்லையாம், வற்றல் அள்ளிக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ, "மகளா?" என்று கேட்பது காதில் விழுந்தது. "மகதான். மாடியில நிக்கிறாளாம்." "அங்கயெல்லாம் மாடி இருக்கா?" என்றது அந்தக் குரல். அம்மா போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சத்தமாகச் சொன்னாள். "அந்த ஊர்லயே ஒரு மாடிதான். எம் மக எனக்காகக் கட்டுனது."

அதற்குள் இங்கே மழை பிடித்துவிட்டது. தகரத்தில் விழும் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். "நனையாத, உள்ள போ" என்றாள். தகரத்தின் விளிம்பில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு தோள் நனைந்துகொண்டிருந்தது. அதை உள்ளே இழுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.