செவ்வாய்க்கிழமைக் கையொப்பம்

ஆறு வருடம் சிறையில் இருந்த என் கணவர், மீதித் தண்டனையை நிபந்தனையோடு வெளியில் கழிக்கலாம் என்று விடப்பட்டு, குறிஞ்சிப்பிட்டிக்குத் திரும்பினார். கடற்கரைச் சண்டையொன்றில் ஒருவரைத் துடுப்பால் அடித்தவர் அவர். அடிபட்டவருக்கு இன்றும் ஒரு கண் தெரியாது. அதை நாங்கள் ஒருநாளும் மறைத்ததில்லை.

நிபந்தனை, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை ஒன்பது மணிக்குப் புத்தளம் பொலிஸில் கையொப்பம் வைப்பது. பஸ்ஸில் போய் வந்தால் அன்றைய தொழில் போய்விடும். கிழமையில் ஒருநாள் வராத ஆளை எந்த மீன்பிடிப் போட்டிலும் ஏற்ற மாட்டார்கள். மூன்று போட்டுக்காரரிடம் கேட்டுப் பார்த்தார். பிறகு கேட்பதையே விட்டுவிட்டு, பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"உள்ள இருக்கக்குள்ள எனக்கு ஒரு வேலை சரி இருந்திச்சு," என்றார் ஒருநாள். அந்தச் சொல் என்னைச் சுட்டது.

தண்டனை, நிபந்தனை விடுதலை, நன்னடத்தைச் சட்டங்களை எல்லாம் அரசாங்கம் மீளாய்வு செய்கிறது, அதற்கான குழு புத்தளத்தில் மக்கள் கருத்தைக் கேட்கப் போகிறது என்று வானொலியில் சொன்னார்கள். அவரைப் போகச் சொன்னேன்.

"நான் போனா, கைதி நியாயம் கதைக்க வந்திருக்கான் எண்டுதான் பாப்பாங்க. நீ போ."

போனேன். மண்டபம் நிறையச் சட்டத்தரணிகளும் அதிகாரிகளும் இருந்தார்கள். கடைசியில் என் முறை வந்தது. தமிழில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மொழிபெயர்த்தவர் ஒரே வரியில், நான் கணவரின் தண்டனையைக் குறைக்கச் சொல்வதாகச் சிங்களத்தில் சொன்னார். சிலாபத்துக்குக் கருவாடு கொண்டுபோய் விற்றுப் பழகிய சிங்களம் என்னிடம் இருந்தது. எழும்பி அந்தச் சிங்களத்திலேயே பேசினேன்.

"நான் அப்படிக் கேட்கவில்லை, சேர்," என்றேன் மொழிபெயர்த்தவரிடம்.

குழுவின் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படியென்றால் என்ன கேட்டீர்கள்?"

"தண்டனை அப்படியே இருக்கட்டும், மேடம். செய்த குற்றத்துக்கு அது சரி. ஆனால் வெள்ளிக்கிழமை தொழுகை நாள், எங்கள் ஊரில் போட் கடலுக்குப் போகாது. கற்பிட்டிப் பொலிஸ் பக்கத்தில்தான் இருக்கிறது. அன்றைக்கு அங்கே கையொப்பம் வைத்தால், மற்ற நாளெல்லாம் அவர் உழைக்கலாம். ஆளைத் திருத்தத்தானே வெளியில் விட்டீர்கள்? வேலை இல்லாமல் எப்படித் திருந்துவது?"

தலைவி பக்கத்திலிருந்த அதிகாரியிடம் திரும்பினார்.

"நாளையும் இடத்தையும் மாற்ற இப்போதைய சட்டத்தில் தடை இருக்கிறதா?"

அவர் கோப்பைப் புரட்டினார். "இல்லை, மேடம். இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை."

முன்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பிறகு மண்டபமே தட்டியது. நான் உட்காரவில்லை.

அந்த மாதமே நாளையும் இடத்தையும் மாற்றிக் கடிதம் வந்தது. தமிழில் வந்தது. அடுத்த நாள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் போட்டுக்காரரிடம் போனார். சனிக்கிழமை விடிய முன் கடலுக்கு இறங்கினார். பகல் திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் உப்பு. ஒரு கோப்பைச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

சட்டம் இன்னும் மாறவில்லை. ஆனால் குழுவின் பரிந்துரைகள் வெளிவந்துவிட்டன. கையொப்பம் வைக்கும் நாளும் இடமும் அவரவர் தொழிலுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அவருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

"இது நீ சொன்ன கதைதானே?" என்றார்.

"ஓம்," என்றேன். "நான் சொன்னதுதான்."