அரை மார்க் அக்கா புதுப் பரீட்சை எழுதிய கதை

ஆண்கள் பொது வார்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டாக்டர்கள் 'சிஸ்டர்' என்பார்கள். அது தப்பு, அவள் சிஸ்டர் இல்லை, உதவியாளர். நோயாளிகளுக்கு 'அம்மா'. கூட வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் 'அரை மார்க் அக்கா'. நர்ஸ் உரிமத் தேர்வை மூன்று முறை எழுதி, மூன்றாவது முறை அரை மார்க்கில் கோட்டை விட்டவள். முதல் இரண்டு முறை எத்தனை மார்க்கில் போனது என்று அவளுக்கே ஞாபகமில்லை. அந்த அரை மார்க் மட்டும் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

நர்சிங் படிப்பு முடிந்த மாதமே கல்யாணம். அடுத்த வருடம் மகள். உரிமத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதில் நாற்பத்தொரு வயதாகிவிட்டது. பதினோரு வருடமாக வார்டில் படுக்கை மாற்றுகிறாள், குளிப்பாட்டுகிறாள், பெட்பேன் எடுக்கிறாள். ஊசியைத் தொடக் கூடாது. ஆனால் நரம்பு கிடைக்காமல் திண்டாடும் நர்ஸ்கள் இவளைத்தான் தேடி வருவார்கள். இவள் நோயாளியின் கையைத் தன் கைக்குள் வைத்துத் தடவி, "இங்க பாருங்க" என்று ஒரு இடத்தைக் காட்டுவாள். அங்கே குத்தினால் தப்பாது.

நாலாவது தடவைக்கு அவள் பலமாகத் தயாராகியிருந்தாள். கோச்சிங் மாஸ்டர் அச்சடித்த மூவாயிரம் கேள்விப் புத்தகம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் ஏ, பீ, சீ, டீ என்று நாலு விடை. இரண்டு வருடமாகப் பேருந்திலும் சமையலறையிலும் அதை மென்று விழுங்கியிருந்தாள். "ஆயிரத்து இருநூற்றுப் பதினாலு" என்று மகள் கேட்டால், "பீ" என்று பட்டென்று பதில் வரும். கேள்வி என்ன என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலை, வேலை கைமாறும் நேரத்தில், தலைமை நர்ஸ் ஒரு சுற்றறிக்கையைப் படித்தாள். வரும் வருடம் முதல் தேர்வு முறை மாறுகிறது. இனி ஒரு வரிக் கேள்விகள் குறையும். நோயாளி ஒருவரின் கதையைப் பக்கம் பக்கமாகக் கொடுத்து, எது முக்கியம், முதலில் என்ன செய்வாய், செய்தது பலித்ததா என்று கேட்பார்கள். பாதி சரியாகச் சொன்னால் பாதி மார்க் உண்டு. எல்லாம் கம்ப்யூட்டரில். குறைந்தது எண்பது கேள்வி, அதிகபட்சம் நூற்றைம்பது. இவர் தேறுவாரா மாட்டாரா என்று கம்ப்யூட்டருக்கு நிச்சயமானதும் அதுவே நிறுத்திக்கொள்ளும்.

"பாதி மார்க் உண்டாமே, அக்கா! உங்களுக்காகவே மாத்தியிருக்காங்க," என்று யாரோ சொல்ல, வார்டே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

பழைய முறையில் எழுத இன்னும் இரண்டு தேதிகள் பாக்கி இருந்தன. அதில் ஒன்றைப் பிடித்துவிட்டால் பிழைத்தாள். விண்ணப்பம் திறந்த அன்றைக்கு அவளுக்கு இரண்டு ஷிப்ட். அதனால் விண்ணப்பம் போடும் பொறுப்பைக் கணவனிடம் ஒப்படைத்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் உச்சியில் கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு நிதானமாகப் போல்ட் முடுக்குகிறவன். ஒரு விண்ணப்பத்தை நிரப்ப மாட்டானா?

நிரப்பினான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளிடம் காகிதத்தை நீட்டினான். அவள் தேதியைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"மூணு தேதி காட்டுச்சு. முதல் ரெண்டுலயும் ஒரே கூட்டம், நாலஞ்சு இடம்தான் பாக்கி. மூணாவது தேதில ஒருத்தருமே இல்ல. நீ காத்தோட்டமா உக்காந்து எழுதுவியேன்னு அதைப் போட்டேன்."

"அங்க ஏன் ஒருத்தருமே இல்லைன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?"

அவன் யோசித்தான். இப்போதுதான் யோசித்தான் என்பது முகத்தில் தெரிந்தது.

"மாத்த முடியாதா?"

"இருந்த இடம் எல்லாம் போயிருக்கும்," என்றாள். போயிருந்தது.

இரண்டு நாள் அவள் அவனிடம் பேசவில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான். மூன்று பேரும் ஒரே சமையலறையில் தோள் உரச நிற்கும்போதே, "உங்க அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு," என்பாள். "அம்மாகிட்ட வந்துட்டேன்னு சொல்லு," என்பான் அவன். பள்ளிக் கடைசி வகுப்பில் படிக்கும் மகள், "எனக்கும் பரீட்சை இருக்கு, தபால் வேலைக்கு வேற ஆளைப் பாருங்க," என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தபால்காரி ராஜினாமா செய்துவிட்டதால் சமாதானம் ஆக வேண்டியதாயிற்று.

மூவாயிரம் கேள்விப் புத்தகம் அலமாரியின் மேல் தட்டுக்குப் போனது. மகள் எங்கிருந்தோ புது முறை மாதிரிக் கதைகளை இறக்கிக் கொடுத்து, தானே உட்கார்ந்து வாசித்தாள்.

"வயசு அறுபத்தாறு. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். தோட்ட வேலையில ஆர்வம். ரெண்டு மகன், ஒருத்தர் வெளியூர். நாலு நாளா கால் வீக்கம். நேத்துலேர்ந்து ரெண்டு தலகாணி வெச்சாத்தான் தூக்கம் வருது. பூனை வளக்கறார்."

"பூனை எதுக்குடி?"

"தேவையா இல்லையான்னு நீதான் சொல்லணும்."

"பூனை எந்தப் பக்கம் படுக்குது?"

"அம்மா!"

முதல் இரண்டு வாரம் பெரிய அவஸ்தை. எல்லாமே முக்கியம் போலத் தோன்றும், எல்லாவற்றுக்கும் கோடு போட்டுவிடுவாள். மகள் தலையில் அடித்துக்கொள்வாள். ஏ, பீ, சீ, டீ இல்லாமல் கேள்வியைப் பார்த்தால் கைப்பிடி இல்லாத படியில் இறங்குவதுபோல இருந்தது அவளுக்கு. பிறகு ஒரு நாள் வார்டில் வேலையாக இருக்கும்போது ஒன்று உறைத்தது. பதினோரு வருடமாக நோயாளிகள் அவளிடம் இப்படித்தானே பேசியிருக்கிறார்கள்? மருமகள் சண்டையில் ஆரம்பித்து, பேருந்து கிடைக்காததைச் சொல்லி, நடுவில் ஒரு வரியில், 'விடியக்காலம் நெஞ்சை அழுத்திச்சு' என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு, மறுபடி மருமகளிடம் போய்விடுவார்கள். அந்த நடு வரியைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் நர்ஸிடம் சொன்னவள் அவள்தானே?

அன்றிலிருந்து வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் கோடு போட ஆரம்பித்துவிட்டாள். கணவன் வேலை முடிந்து வந்து, "மழைல மாட்டிக்கிட்டேன், நாலாவது மாடில லிஃப்ட் நின்னுடுச்சு, உள்ள இருந்த ஆள் ஒரே சத்தம், குனிஞ்சு குனிஞ்சு முதுகு பிடிச்சுக்கிச்சு, சாப்பிட என்ன இருக்கு?" என்றான்.

"இதுல முதுகு மட்டும்தான் தேவை," என்றாள் அவள். "வலி காலுக்கு இறங்குதா?"

"இல்ல."

"மரத்துப் போகுதா?"

"இல்லம்மா. சாப்பாடும் தேவைதான்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோச்சிங் வகுப்பு தொடர்ந்தது. மாஸ்டர் பதினாலு வருடமாக இந்தத் தேர்வுக்குப் பாடம் எடுப்பவர். ஒரு நாள்கூட வார்டில் வேலை பார்த்தவர் இல்லை, ஆனால் மூவாயிரம் கேள்வியும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தேர்வு முறை மாறுகிறது என்றதும் மனுஷர் ஆடிப்போனார். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. 'புதிய முறை வழிகாட்டி' என்று பச்சை அட்டை போட்டு ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அட்டையைத் திருப்பினால் உள்ளே அதே மூவாயிரம்.

"கேள்வி எப்படி வேணா வரட்டும், பதில் நம்மகிட்ட இருக்கு," என்று தைரியம் சொன்னார்.

அந்த ஞாயிறு பச்சைப் புத்தகக் கட்டுகளைத் தானே மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வந்த கையோடு கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதி, "முதலில் செய்ய வேண்டியது என்ன?" என்று கேட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எல்லோரும் பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தார்கள்.

"டீ," என்றார் மாஸ்டர்.

இருபத்திரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள். அவளும் எழுதினாள். மாஸ்டர் புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டினார். அடுத்த கேள்வியைப் பாதி படித்தார்.

"டீ," என்றார்.

எழுதிக்கொண்டார்கள். மூன்றாவது கேள்வியை அவர் முழுசாகப் படிக்கவே இல்லை.

"டீ... டீ..."

"சார், மூணுக்குமே டீயா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"டீ," என்றார் மாஸ்டர், கொஞ்சம் கோபமாக. "சீக்கிரம்."

சீக்கிரம் என்றதால் எல்லோரும் வேகமாக எழுதினார்கள். அவள் மட்டும் பேனாவை நிறுத்தினாள். மூன்றாவது கேள்வி ஆயிரத்து இருநூற்றுப் பதினாலு. அதன் விடை பீ. பதினாலு வருடத்தில் இந்த மனுஷர் ஒரு விடையைத் தப்பாகச் சொன்னதே இல்லை.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், வார்டில் பார்ப்பதுபோல. தலைக்கு மேல் விசிறி ஓடுகிறது, சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. சாக்பீஸ் பிடித்த கை நடுங்குகிறது. உதடு வெளுத்திருக்கிறது. மூன்று மாடி, புத்தகக் கட்டு, ஞாயிற்றுக்கிழமை, பச்சை அட்டை என்று எல்லாவற்றையும் மனசுக்குள் அடித்துவிட்டு மிச்சம் இருந்ததற்குக் கோடு போட்டாள்.

எழுந்து போய் அவர் கையைப் பிடித்தாள். ஜில்லென்று ஈரமாக இருந்தது.

"சார், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறீங்களா?"

"ம்."

"இன்னிக்குப் போட்டாச்சா?"

"போட்டேன்."

"காலைல சாப்பிட்டீங்களா?"

மாஸ்டர் அவளையே பார்த்தார். கண் எங்கோ நின்றது. "டீ," என்றார் பரிதாபமாக.

"அவர் விடை சொல்லலைங்க, டீ கேக்கறாரு! சர்க்கரை இறங்கிப்போச்சு!" என்று வகுப்பைப் பார்த்துக் கத்தினாள். "கீழ கடைல நிறையச் சர்க்கரை போட்டு ஒரு டீ வாங்கிட்டு வாங்க. அதுக்குள்ள யார்கிட்டயாவது இனிப்பா ஏதாவது இருக்கா?"

இருபத்தொரு வருங்கால நர்ஸ்களும் திகைத்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சுப் பெண்தான் முதலில் அசைந்தாள். அவள் பையில் ஒரு பாட்டில் பழரசம் இருந்தது. மாஸ்டரை நாற்காலியில் உட்கார வைத்து, முதலில் ஒரு வாய் கொடுத்து, தொண்டையில் ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, மிச்சத்தைக் குடிக்க வைத்தாள் அரை மார்க் அக்கா. டீயும் வந்தது. கால் மணி நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். நடுக்கம் அடங்கியது. முகத்தில் ரத்தம் வந்தது. இரண்டு ரொட்டித் துண்டும் தின்ன வைத்தாள்.

மாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "எங்க விட்டேன்?"

"மூணுக்கும் டீன்னு சொன்னீங்க சார்," என்றாள் கடைசி பெஞ்சு.

"எவ சொன்னா? மூணாவது பீ," என்றார் மாஸ்டர். ஆள் தேறிவிட்டார் என்று அப்போதுதான் எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது.

வகுப்பு முடிந்ததும் அவளை மட்டும் நிற்கச் சொன்னார். பச்சைப் புத்தகத்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"இதைப் பாத்துப் படிச்சிடாதம்மா," என்றார் கடைசியில், கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு.

"நான் வாங்கவே இல்ல சார்."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கி, பிறகு தெளிந்தது.

தேர்வு நாள் வந்தது. கணவன் விடுப்பு போட்டுவிட்டுக் கூட வந்து, தேர்வு மையத்தின் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். "காத்தோட்டமா எழுது," என்று சொல்ல வாயெடுத்து, அவள் பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டான்.

முதல் கதை, மூச்சு வாங்கும் ஒரு லாரி ஓட்டுநர். இரண்டாவது, மயங்கி விழுந்த தையல்காரி. அவளுக்குக் கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் மறந்துபோனது. ஒன்பதாம் படுக்கை, பதினாலாம் படுக்கை என்று முகங்கள்தான் கண்ணில் வந்தன. சிலதற்குக் கை தானாகவே போயிற்று. சிலதில் நிஜமாகவே தெரியவில்லை, நடப்பது நடக்கட்டும் என்று அழுத்தினாள். எண்பதாவது கேள்விக்கு விடை கொடுத்தாள். திரை சட்டென்று வெளுத்தது. 'உங்கள் தேர்வு முடிந்தது.'

நிச்சயமானால்தான் நிறுத்தும். எது நிச்சயமானது? கையை உயர்த்திக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டாள். "மெஷின் கெட்டுப்போச்சுங்க."

"கெடல, முடிஞ்சுது. நீங்க போகலாம்."

வெளியே கணவன் அப்போதுதான் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் துள்ளி எழுந்தான். "என்னாச்சு? அடையாள அட்டையை மறந்துட்டியா?"

"முடிஞ்சுபோச்சு. ஒண்ணு ரொம்ப நல்லா எழுதியிருக்கணும், இல்ல ரொம்ப மோசமா எழுதியிருக்கணும்."

"ரெண்டுல எது?"

"தெரிஞ்சா நான் ஏன் இப்படி நிக்கறேன்?"

இரண்டு நாள் அவள் வீட்டில் இருந்த பாத்திரங்களை எல்லாம் தேய்த்தாள், அழுக்கில்லாதவற்றையும் சேர்த்து. மூன்றாம் நாள் மதியம் வார்டில் பெட்பேன் கழுவிக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து போன் வந்தது. கை ஈரமாக இருந்ததால் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டாள். அந்தப் பக்கம் மகள் அழுதாள். அவளும் அழ ஆரம்பித்தாள். இரண்டு பேரும் நன்றாக அழுது முடித்தபிறகுதான், "பாஸும்மா," என்று மகள் சொன்னாள்.

"அடிப்பாவி, அதை முதல்ல சொல்றதுக்கென்ன!"

உரிமம் கைக்கு வர ஒரு மாதம் ஆனது. நர்ஸ் சீருடையில் முதல் நாள் காலை, தலைமை நர்ஸ் அவளுக்குப் பத்துப் படுக்கைகளைக் கொடுத்தாள். உதவிக்குப் போட்டது, ஒன்பது வருடமாக இவளோடு சேர்ந்து படுக்கை விரித்த தோழியை. அவளை வேலை ஏவ இவளுக்கு நாக்கு எழவில்லை. தானே தண்ணீர்ப் பேசினைத் தூக்கினாள், தானே போர்வையை மாற்றினாள், மூன்றாம் படுக்கைக்காரரைக் குளிப்பாட்டத் துண்டையும் எடுத்துவிட்டாள். தோழி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"அக்கா, அந்தத் துண்டைக் கொடுங்க."

"இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

"என் வேலையை நீங்க பாத்துக்கிட்டா, உங்க வேலையை யார் பாக்கறது? ஏழாம் நம்பர் ஊசிக்குக் கையை நீட்டிக்கிட்டு அரை மணி நேரமா உக்காந்திருக்காரு."

துண்டைப் பிடுங்கிக்கொண்டாள். இவள் வெறும் கையோடு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கையைக் கழுவித் துடைத்துவிட்டு, மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏழாம் படுக்கைக்குப் போனாள்.