கண்ணாடி அலுமாரியில் இருந்த வேகம்

இரண்டாயிரத்துப் பத்தளவில், பதுளையிலிருந்த எங்கள் வீட்டு இணையத்தின் வேகத்தை நான் உயர்த்தினேன். மாதக் கட்டணத்தைப் பொறுத்தவரை இது முழு உண்மை.

இதற்குக் காரணம் மகளின் கல்யாணப் பேச்சு. மெல்பேர்ணில் ஒரு மாப்பிள்ளை அமைந்திருந்தார். சாதகம் பொருந்தியது, படமும் வந்தது. யாழ்ப்பாணத்து உறவினருக்கு அவ்வளவே போதுமாயிருந்தது. மகளுக்குப் போதவில்லை. "கதைச்சுப் பாக்காமல் ஓம் சொல்லமாட்டன்" என்றாள்.

முதல் வீடியோ அழைப்பு பழைய வேகத்தில் நடந்தது. மாப்பிள்ளையின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து, பின்னர் ஆறுதலாக ஒன்றுகூடியது. அருகே அமர்ந்திருந்த அவருடைய தாயார் பேசியபோதெல்லாம் மாப்பிள்ளை கண்ணிமையாது, வாய் திறவாது செவிமடுத்தார்.

"எவ்வளவு பொறுமையான பிள்ளை!" என்று மனைவி உருகினாள்.

"எனக்கு வடிவாத் தெரியேல்லை அம்மா. இன்னொருக்காக் கதைக்க வேணும்" என்றாள் மகள்.

அடுத்த ஞாயிறு குறிக்கப்பட்டது. அன்று முடிவு சொல்லியாக வேண்டும்.

மறுநாளே கடைத்தெருவிலிருந்த தொலைபேசி அலுவலகத்துக்குப் போய் உயர்ந்த திட்டத்துக்கு மாறினேன். அதற்குரிய புதிய இணைப்புப் பெட்டி ஒன்றையும் தந்தார்கள். வீட்டில் அதைப் பிரிக்கப் போனபோது மனைவி தடுத்தாள்.

"பழசிலை எல்லா லைற்றும் எரியுதுதானே? ஏன் உதைப் பிரிக்கிறியள்?"

பொலித்தீன் உறை கலையாமலே அதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். விருந்தினருக்கென வாங்கப்பட்டு, இதுவரை எந்த விருந்தினரும் தகுதி பெற்றிராத தேநீர்க் கோப்பைகளின் பக்கத்தில் அது அமர்ந்தது. புதியன யாவும் வருவோர்க்கே உரியவை என்னும் எங்கள் வீட்டு நீதியில் நானும் குறை காணவில்லை.

இணையமோ முன்போலவே ஊர்ந்தது. ஆகவே நான் முறைப்படி ஆராய்ச்சியில் இறங்கினேன். மழையை ஐயுற்றேன். கணினியை வடக்கு நோக்கித் திருப்பினேன். வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். பெட்டியை அணைத்து மீண்டும் போடுமாறு இனிய குரலில் ஒரு பெண் சொன்னார். போட்டேன். விளக்குகள் எல்லாம் எரிந்தன. "அப்படியென்றால் எல்லாம் சரி சேர்" என்று அவர் வாழ்த்தி விடைபெற்றார்.

வெள்ளியன்று ஓர் ஊழியர் வந்தார். வாசற் கம்பத்தில் தம் கருவியை மாட்டிப் பார்த்தார்.

"லைன்ல கோளாறே இல்லைங்க சேர். இது வரைக்கும் வேகம் நல்லா வருது."

"வீட்டுக்குள்ளே வரவில்லையே."

"அது உங்க வீட்டு விஷயங்க" என்று சொல்லி, மடுல்சீமை பஸ்ஸைப் பிடிக்க விரைந்தார். வாசல்வரை வந்த வேகம் எங்கள் வீட்டு ஒழுக்கத்துக்கு அஞ்சித் திரும்பிப் போகிறது என்று தேற்றிக்கொண்டேன்.

ஞாயிறு காலை மனைவி கண்ணாடி அலுமாரியைத் திறந்தாள்; சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் அல்லவா! கடல் கடந்து திரையில் தோன்றுவோர் தேநீர் அருந்த இயலாது என்பதை நான் நினைவூட்டினேன்.

"குடிக்காட்டில் என்ன? கமராவிலை தெரியும்தானே" என்றாள்.

கோப்பைகளை வாங்கி அடுக்கிய மகளின் கண் பெட்டியில் விழுந்தது.

"அப்பா! உது ஏன் இதுக்குள்ளை கிடக்குது?"

"ஆக்கள் வந்தால் எடுக்கலாம் எண்டுதான்" என்று மனைவி எனக்காக விடை சொன்னாள்.

"ஆக்கள் இண்டைக்குத்தானே அம்மா வருகினம்" என்று மகள் உறையைக் கிழித்துப் பெட்டியை மாட்டினாள்.

அழைப்பு வந்தபோது படம் கண்ணாடிபோல் துலங்கியது. மாப்பிள்ளையின் உதடுகளும் சொற்களும் முதன்முறையாக ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன, அதன்பின் நிற்கவேயில்லை.

"எங்கடை வீட்டிலை..." என்று தாயார் தொடங்கினார்.

"அம்மா, அதை நான் சொல்லுறன்" என்று மாப்பிள்ளை இடைமறித்தார்.

"பிள்ளை இங்கை வேலைக்கு..." என்று மீண்டும் முயன்றார்.

"உங்களுக்கு உது விளங்காதம்மா. பேசாமல் இருங்கோ."

மகள் தன் படிப்பைப் பற்றி ஒரு வசனம் தொடங்கினாள். அதையும் மாப்பிள்ளையே முடித்துவைத்தார்.

அழைப்பு ஓய்ந்ததும் மனைவி ஆவலோடு திரும்பினாள். "இப்ப வடிவாத் தெரிஞ்சுதுதானே? என்ன சொல்லுறாய்?"

"வடிவாத் தெரிஞ்சுது அம்மா. வேண்டாம்."

பின்னர் மனைவி, எவரும் தொடாத கோப்பைகளைத் துடைத்து அலுமாரியில் அடுக்கினாள். புதிய பெட்டியின் கம்பியைக் கழற்றிச் சுருட்டவும் முனைந்தாள்.

"அடுத்த சம்பந்தம் வரேக்கை எடுக்கலாம்."

மகள் கம்பியை மீண்டும் மாட்டினாள். பழைய பெட்டியைக் கோப்பைகளின் அருகே வைத்து அலுமாரியைப் பூட்டி, திறப்பைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.