பீகாவுக்கும் ஆல்டத்துக்கும் நடுவே ஒரு கட்டில்

ஹெஸ்டர் டிட்மார்ஷ் லண்டனில் ஊரார் துணி வெளுத்துப் பிழைத்தவள். கணவன் ஆமோஸுக்குச் சுண்ணாம்புக் காளவாயில் வேலை. அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையின் குறுக்கே பீகா கோயில் பங்குக்கும் ஆல்டம் கோயில் பங்குக்கும் எல்லைக்கோடு ஓடியது. அதற்கு அடையாளமாகத் தரைப்பலகையில் வரிசையாக ஆணி அறைந்திருந்தார்கள். தெருவிளக்கு, குப்பை, ஏழைக்கு வைத்தியர், நாதியற்ற பிணத்துக்குப் பெட்டி எல்லாம் அந்தந்தக் கோயில் வட்டாரத்தைக் கவனிக்கும் பங்கு மன்றத்தின் பாடு.

"நான் தூங்குறது பீகாவுல, கஞ்சி காய்ச்சுறது ஆல்டத்துல. ரெண்டு ராஜாங்கம் ஆளுறேன், தெரியுமா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். வாய்க்கொழுப்புக்காரி என்று பெயர் எடுத்தாலும் அவளை யாரும் வெறுத்ததில்லை.

ஆமோஸுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுக்கத் தொடங்கியதும் அவள் பீகா நிவாரண அதிகாரி பெல்லோஸிடம் ஓடினாள்.

"அடுப்பு ஆல்டத்துல இருக்கு. உலை கொதிக்கிற இடந்தாம்மா வீடு. அங்க போய்க் கேளு."

ஆல்டம் அதிகாரி சிரித்தார். "தலை சாய்க்கிற இடந்தான் வீடு. தூங்குறது பீகாவுலன்னு ஊரெல்லாம் நீதானே சொல்லிட்டுத் திரியறே?"

அவள் வீட்டுக்கு வந்து, நோயாளியோடு கட்டிலை ஆல்டம் பக்கம் இழுத்துப் போட்டாள். பார்க்க வந்த ஆல்டம்காரர் தரையில் இருந்த கீறலைக் கண்டுபிடித்துவிட்டார். "நோவு வந்தது அந்தப் பக்கம். இங்க தள்ளிட்டு வந்தா எங்க தலையில கட்டிரலாம்னு பாத்தியா?"

அதிகாரிகள் இருவரும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இயேசு பரமேறிய திருநாள் வந்தது. அன்று பீகா மன்றத்தார் வெள்ளைக் குச்சிகளோடு எல்லை சுற்றி வருவார்கள். கோட்டை விட்டு ஓரடி விலகினாலும் அந்த மண் பறிபோய்விடும் என்று பயம். ஆகவே ஹெஸ்டரின் அறைக்குள் ஒரு ஜன்னல் வழியாக ஏறி, மறு ஜன்னல் வழியாக இறங்குவார்கள். அந்தக் காலையில் அவள் கட்டிலை ஆணிவரிசையின் மேலேயே குறுக்காகப் போட்டுவிட்டாள்.

முதலில் ஏறிய பெல்லோஸ் கத்தினார். "கட்டிலை எடும்மா!"

"எடுக்க மாட்டேன். தாண்டிப் போங்க, மிதிச்சிட்டும் போங்க. ஆனா உங்க வைத்தியரய்யா ஒரு தடவை குனிஞ்சு பாத்துட்டுப் போகட்டும்."

பின்னால் வந்த வைத்தியருக்குக் குனியாமல் தீரவில்லை. ஆமோஸின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டவர், நீர் கோத்திருக்கிறது என்றார்.

"நெஞ்சு எந்தப் பங்குல இருக்கு?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். பெல்லோஸ் மட்டும் சிரிக்காமல் குச்சியை ஆணிவரிசையோடு பிடித்துப் பார்த்தார். கால்கள் ஆல்டத்தில், நெஞ்சும் தலையும் பீகாவில்.

"சரி, நம்ம பக்கந்தான். நாளைக்குக் காலையில மருந்து, மாட்டிறைச்சிச் சாறு, கரி எல்லாம் வரும். கட்டில் மட்டும் நகரக் கூடாது. நகர்ந்தா நான் பொறுப்பில்ல."

ஒவ்வொருவராக ஆமோஸைத் தாண்டி இறங்கிப் போனார்கள். ஹெஸ்டர் அவர்களுக்கு நன்றி சொன்னாள், பாவம்.

அந்த வருடம் மே மாதத்திலும் குளிர் விடவில்லை. மறுநாள் விடிகிற வேளையில் ஆமோஸின் பல் கிடுகிடுத்தது.

"குளிருது, ஹெஸ்ட்."

"கொஞ்சம் பொறுய்யா. கரி வந்துரும்."

"எலும்பெல்லாம் குளிருது."

அடுப்பில் கடைசிக் கங்கு இருந்தது, ஆல்டம் பக்கம். கட்டிலை அசைத்தால் கீறல் விழும். அவள் ஆணிகளைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவனை மட்டும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, அடுப்படிக்கு இழுத்துப்போய் மடியில் கிடத்திக்கொண்டாள். அவனுக்கு நடுக்கம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மூச்சும் நின்றது.

பெல்லோஸ் சொன்ன சொல் தவறாமல் வந்தார். கூட வந்தவன் தலையில் கரிமூட்டை.

"எதுக்கும்மா நகர்த்தினே?"

"குளிருதுன்னாரு."

அவர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். "செத்தது ஆல்டத்துல. பெட்டி அவங்கதான் குடுக்கணும். நான் போய் அந்த அதிகாரியைக் கூட்டிட்டு வர்றேன். கரியைத் திருப்பி எடுத்துட்டு வாப்பா."

ஆல்டம்காரர் கட்டில் கிடக்கும் இடத்தைப் பார்த்து என்ன சொல்வார் என்று ஹெஸ்டருக்குத் தெரியும். கட்டிலில் கிடந்தால் நெஞ்சும் தலையும் பீகாவில், பெல்லோஸே குச்சி பிடித்துப் பார்த்துச் சொன்னது. காலடிச் சத்தம் படியிறங்கி ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து, அவன் கக்கத்தில் மறுபடி கைகொடுத்தாள். சற்றுமுன் அத்தனை சுலபமாக வந்தவன் இப்போது கனத்தான்.

"கொஞ்சம் ஒத்தாசை பண்ணுய்யா, ஆமோஸ். அவங்க வர்றதுக்குள்ள கட்டிலுக்குப் போயிரலாம்."