பிறந்தநாளுக்கு வந்த காப்பு

மகளின் முதல் பிறந்தநாளுக்கு லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு மண்டபம் எடுத்திருந்தோம். கேக் வெட்டி முடிந்ததும், கணவரோடு கிரிக்கெட் விளையாடும் ஒருவர் முன்னால் வந்து, குழந்தையின் கையைப் பிடித்து ஒரு தங்கக் காப்பை இறுக்கிப் போட்டுவிட்டார். படமெடுப்பவர் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். இப்போது அந்தப் படத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நான் வேலை செய்யும் ஆலோசனை நிறுவனம் லண்டன் கம்பனிகளுக்கு யோசனை சொல்கிறது. அமெரிக்காவில் இருக்கும் தங்கள் ஊழியர்களின் மருந்துச் செலவைக் கவனிக்கும் திட்டத்தை அவர்கள் யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதை நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். எவர் பக்கமும் சாயாமல் சொல்வதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். அப்போது என் மேசையில் இருந்த இரண்டு விண்ணப்பங்களில் ஒன்று, காப்புப் போட்டவர் வேலை செய்யும் நிறுவனத்துடையது. அதை வேண்டாம் என்று எழுதத் தொடங்கியிருந்தேன். தங்களுக்கு அதிகக் கழிவுப் பணம் தரும் மருந்துத் தயாரிப்பாளருக்காக, நோயாளிக்கு ஒத்துவரும் இன்சுலினை நிறுத்தி வேறொன்றுக்கு மாறச் சொல்லும் திட்டம் அது.

"அண்ணை, இது வேண்டாம். நான் இப்ப உங்கட ஃபைலைத்தான் பாக்கிறன்."

"அது ஒஃபிஸ் கதை, தங்கச்சி. இது என்ர மருமகளுக்கு. பிள்ளைக்குப் போட்டதை ஆரும் கழட்டுவினமோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "இண்டைக்காவது சும்மா இருமப்பா," என்றார் கணவர். சும்மா இருந்தேன்.

திங்கட்கிழமை, விதிப்படி, மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"சொன்னது மிக நல்லது. ஆனால் இனி நீ இந்த வேலையைத் தொட முடியாது. உன் நடுநிலை கெட்டுவிட்டதே. நானே பார்த்துக்கொள்கிறேன்."

அலுவலகச் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு படம் ஒட்டியிருக்கும். போர்த்துக்கல்லின் கோல்ஃப் மைதானம் ஒன்றில் மேலதிகாரி கறுப்புக் கண்ணாடியோடு நிற்பார். பக்கத்தில் அதே மருந்துத் திட்ட நிறுவனத்தின் தலைவர். பயணச் செலவு முழுவதும் அந்த நிறுவனத்தினுடையது என்பது எல்லோருக்கும் தெரியும். தினமும் அந்தக் கதவைத் திறந்துதான் என் பாலை எடுப்பேன். அன்று அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டேவிட்டேன்.

"அதுவா? அது பயிற்சி முகாம்," என்றார்.

அடுத்த வாரம் அந்த நிறுவனத்தையே பரிந்துரைத்து வாடிக்கையாளர் கம்பனிக்கு அறிக்கை போனது. இன்சுலினைப் பற்றி நான் எழுதிய பகுதியை முழுவதும் எடுத்துவிட்டிருந்தார்கள். வாயில் புளித்த பால் போல ஓர் அருவருப்பு, தண்ணீர் குடித்தும் போகவில்லை. அவர்கள் மேல் மட்டுமல்ல, என் மேலும்தான். காப்பைப் பற்றி வாய் திறக்காமல், அறிக்கையை முடிவு செய்யும் கூட்டத்தில் உட்கார்ந்து சண்டை பிடித்திருக்கலாமோ? அதுவும் பொய்தானே? இரண்டு பக்கமும் யோசித்து யோசித்துத் தலைதான் வலித்தது.

அன்று மாலை குளியலறையில் மகளின் கைக்குச் சவர்க்காரம் போட்டேன். அவள் வீரிட்டு அழுதாள். "உமக்கு மண்டை பிழை," என்று சொல்லிக்கொண்டே கணவர் வந்து அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். காப்பு கழன்று வந்தது. மணிக்கட்டில் சிவப்பாக ஒரு வளையம்.

சனிக்கிழமை மகளையும் தூக்கிக்கொண்டு ஹவுன்ஸ்லோவில் காப்புப் போட்டவருடைய வீட்டுக்குப் போய்க் காப்பை நீட்டினேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஐயோ தங்கச்சி, இதை நான் வாங்க ஏலாது. கொம்பனிக் காசு. விருந்துச் செலவெண்டு கணக்கில போட்டு எடுத்தாச்சு. திருப்பினா எனக்கெல்லோ பிரச்சினை."

"மருமகளுக்கு எண்டு சொன்னீங்கள்?"

"ஓம், மருமகள்தானே!" என்று குழந்தையின் கன்னத்தைக் கிள்ள வந்தார். நான் அவளை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, காப்பை வாசலில் இருந்த செருப்புத் தட்டில் வைத்துவிட்டு நடந்தேன்.

அந்த நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்தாகவில்லை. வேலை போகலாம், வீட்டுக் கடன் இருக்கிறது, மகளுக்கு நேர்சரி. அதையெல்லாம் நினைத்து இரண்டு முறை போனைக் கீழே வைத்தேன். மூன்றாம் முறை வாடிக்கையாளர் கம்பனியில் ஊழியர் நலனுக்குப் பொறுப்பான பெண்ணை அழைத்து, இன்சுலின் விஷயத்தைச் சொன்னேன். போர்த்துக்கல் பயணத்தையும் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு, "அவர்கள் இப்படி ஆட்களைப் பிடிப்பார்கள் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். என் மகளின் கையிலேயே காப்புப் போட்டார்கள்," என்றேன்.