பக்கத்து மெஷினின் மணி

பெரியவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளை தப்பு செய்தால் அதட்டலாம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, மீசையை முறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒற்றை விரலால் கோழி கொத்துவதுபோல் கொத்துகிற ஹவில்தாரை யார் அதட்டுவது? அவரிடம் கைகட்டி நின்று, "சாப், அந்த விரலுக்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள்" என்று கெஞ்ச வேண்டும். எனக்கு இயல்பிலேயே பொறுமை குறைவு. வாங்கிய சம்பளத்துக்காக மாலை ஆறரை மணி வரை பொறுமையாக இருந்தேன், அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில் தொடங்கிப் பல வருஷம், புனே கட்கி பஜாரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த பயிற்சி நிலையத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தேன். காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம். ஸ்டோர் கிளார்க்குகள், பென்ஷன்காரர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓடிவரும் பெண்கள் என்று எல்லோரும் வேலைக்காகவோ வேலை உயர்வுக்காகவோ வந்தவர்கள். முதலாளி ஒரு மராத்திக்காரர். ஆட்களைவிட மெஷின்கள் மேல் அவருக்குப் பாசம் அதிகம். தசராவுக்கு ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்துச் சாமந்திச் சரம் சுற்றுவார். அப்புறம் ஒரு மாதத்துக்குக் காய்ந்த இதழ்களை எழுத்துக் கம்பிகளின் நடுவிலிருந்து நான் பொறுக்கிக்கொண்டிருப்பேன்.

அங்கே என்னிடம் படித்தவர்களில் ஓர் அக்காவை மட்டும் என்னால் மறக்க முடியாது. வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். கணவர் அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர், மஞ்சள் காமாலையில் போய்விட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். கணவருக்குப் பதிலாக அந்தத் தொழிற்சாலை அலுவலகத்தில் இந்த அக்காவுக்குக் கிளார்க் வேலை கொடுத்திருந்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: துறை நடத்தும் டைப்பிங் தேர்வில் குறித்த காலத்துக்குள் தேறிவிட வேண்டும். தேறாவிட்டால் வேலை நிரந்தரம் ஆகாது. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். ஊரில் திரும்பிப் போக வீடு கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

வயதில் என்னைவிடப் பெரியவர். அதனால் நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை டீச்சர் என்றார். அலுவலகத்தில் காலையும் மாலையும் விட மாட்டார்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் வர முடியும் என்றார். அந்த நேரத்தில் வகுப்பு கிடையாது. நான் அங்கேயே டிபன் பாக்ஸைத் திறப்பது வழக்கம் என்பதால் சரி என்றேன். மெஷின்களுக்கெல்லாம் உறை போட்டிருக்கும் அந்தப் பெரிய அறையில் அவருடைய ஒரு மெஷின் மட்டும் ஓடும். நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்பேன். பத்து விரலும் ஒரே சீராக விழும். வரி முடியப்போகும்போது மணி 'டிங்' என்று அடிக்கும், கை தானாகப் போய்த் தாள் சுற்றியிருக்கும் வண்டியைத் தள்ளும், அடுத்த வரி. மணி அடித்தால் யோசிக்காதே, தள்ளு என்பது நான் எல்லோருக்கும் மண்டையில் ஏற்றிவைத்த பாடம். அதை அவரைப்போல் ஏற்றிக்கொண்டவர் யாருமில்லை. என் மாணவர்களிலேயே சுத்தமான கை அவருடையதுதான்.

அப்படிப்பட்டவர் தேர்வில் தோற்றார்.

"நல்லாத்தான் அடிச்சேன் டீச்சர். இன்னா ஆச்சுன்னே தெரியலை. பேப்பரை எடுத்துப் பார்த்தா எல்லாம் கடிச்சுத் துப்புன மாதிரி கெடக்குது" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

பயம் என்று முடிவு கட்டினேன். வேறென்ன சொல்வது? குளுக்கோஸ் குடிக்கச் சொன்னேன். மூச்சை இழுத்து விடச் சொன்னேன். என் சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றினேன், அவர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். எல்லாம் முடிந்து மறுபடி எழுதினார், மறுபடி தோற்றார். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவர் என் முன்னால் அழவில்லை. பெரியவளைப் பள்ளியை விட்டு நிறுத்தி ஏதாவது வேலையில் விடலாமா என்று நிதானமாக என்னிடம் யோசனை கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை டமால் டமால் என்று வைத்தேன்.

விஷயம் பிடிபட்டது கணபதி சதுர்த்தி நேரத்தில். அவருடைய அலுவலகத்துக்கு விடுமுறை. எங்களுக்கு இல்லை. காலைக் கூட்டத்தோடு வந்து உட்கார்ந்தார். அறை நிரம்பி வழிந்தது. கீழே பந்தலில் டோல் மேளம் வேறு. ஹவில்தாரின் விரலைத் திருத்திவிட்டு நிமிர்ந்தவள் தற்செயலாக அக்காவின் தாளைப் பார்த்தேன். ஒரு வரி முழுசாக இருந்தது. அடுத்த வரியில் மூன்றே வார்த்தை. அதற்கடுத்தது ஒரு வார்த்தையின் பாதியில் நின்றது.

பின்னால் போய் நின்றேன். அவர் கண் புத்தகத்தில் இருந்தது. விரல்கள் அருமையாக ஓடின. இடப்பக்கத்துப் பெண்ணின் மெஷினில் மணி அடித்தது. அக்காவின் கை சட்டென்று போய்த் தன் வண்டியைத் தள்ளியது. மறுபடி ஓடினார். முன் வரிசையில் ஒரு மணி. மறுபடி தள்ளினார்.

"அக்கா, நிப்பாட்டுங்க!" என்று கத்தியேவிட்டேன். "என்னக்கா இது, நடு வார்த்தையில ஏன் தள்ளுறிய?"

"மணி அடிச்சுதே டீச்சர்."

"அது உங்க மணி இல்லக்கா! அந்தப் பிள்ள மெஷினு!"

அவர் மெஷினில் இருந்த தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மற்றவர்கள் எல்லாம் கூட்டத்துக்கு நடுவில் படித்தவர்கள். தன் மணி எது, அடுத்தவர் மணி எது என்று அவர்கள் காது தானாகப் பிரித்துக்கொள்ளும். இவர் படித்ததெல்லாம் ஒரே ஒரு மணி இருந்த அறையில். தேர்வு மண்டபத்தில் நாற்பது மெஷின்கள் மணியடிக்கும்போது நாற்பதுக்கும் இவர் ஒருவரே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் மனதுக்குள் பெரிய நிம்மதி. பயம் என்றால் என்னிடம் மருந்து கிடையாது. இதற்கு இருக்கும்.

கூட்டத்தோடு பழக்கலாம் என்றால் அவருக்கு மதியம் மட்டும்தான் நேரம், தேர்வுக்கும் அதிக நாளில்லை. காது பழகுவதற்குள் குவார்ட்டர்ஸ் போய்விடும். இரவெல்லாம் புரண்டு படுத்துவிட்டு, காலையில் மருந்துக் கடையில் ஒரு பஞ்சு உருண்டை வாங்கிக்கொண்டு போனேன். மெஷினின் பின்பக்கத்தில் சின்னக் கிண்ணம்போல் இருக்கும் மணிக்கும் அதைத் தட்டுகிற கொக்கிக்கும் நடுவில் பஞ்சைத் திணித்தேன். அந்தக் காலத்தில் தேர்வுக்கு மெஷினை நாமேதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எந்த மெஷினில் பழகுகிறாரோ அதிலேயே எழுதலாம். அதுதான் என் துணிச்சல்.

மணி இல்லாவிட்டால் வரி முடிவது எப்படித் தெரியும்? ஓரத்துக்கு வந்ததும் வண்டி பூட்டிக்கொள்ளும், விரலுக்குக் கீழே கட்டை இறங்காது. அந்த ஓரத் தடுப்பைச் சில எழுத்து உள்ளே தள்ளி வைத்தேன். பூட்டியதும் விடுவிக்கும் கட்டையை அழுத்தி, மீதி வார்த்தையை முடித்து, தள்ள வேண்டும். இதுவரைக்கும் காது செய்த வேலையை இனி விரல் செய்ய வேண்டும்.

"அக்கா, நல்லா கேட்டுக்கோங்க. உங்க மெஷினு இனிமே ஊமை. எந்த மணி அடிச்சாலும் அது உங்களுது இல்ல. சாமியே வந்து மணி அடிச்சாலும் தள்ளக் கூடாது."

"விரல் நின்னாத்தான் தள்ளணும்."

"அவ்வளவுதான்."

மதியம் தோறும் அவர் அடிக்கும்போது நான் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து வேண்டுமென்றே மணியை அடித்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு ஆறிப்போகும். முதலில் ஒவ்வொரு மணிக்கும் அவர் கை துள்ளியது. பிறகு தோள் மட்டும் துள்ளியது. பிறகு அதுவும் நின்றது. முதலாளி ஒருநாள் எட்டிப் பார்த்து, பஞ்சைக் கண்டுபிடித்து, "காய் ஜாலா பாயி, என்ன ஆச்சு? மெஷினுக்குக் காது வலியா?" என்று கேட்டார். விவரம் சொன்னேன். நேரே கீழே போய், சைக்கிள் கடையிலிருந்து எண்ணெய்க் குப்பியை வாங்கிவந்து அந்த மெஷினுக்குத் தன் கையாலேயே எண்ணெய் போட்டார்.

தேர்வு, ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில். மெஷினைப் போர்வையில் சுற்றி ரிக்‌ஷாவில் எங்கள் இருவர் மடியிலும் வைத்துக்கொண்டு போனோம். புனே சாலைக் குழிகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெஷினை மேஜையில் ஏற்றிக் கொடுத்துவிட்டு நான் வெளியே வராந்தாவில் நின்றேன். உள்ளே எல்லா மெஷின்களும் ஒன்றாகத் தொடங்கின. மணிகள் அடித்தன, அடித்தன, அடித்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் என் நெஞ்சில் அடித்தது. வெளியே வந்த அக்கா, "ஆச்சு டீச்சர்" என்று மட்டும் சொன்னார். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் நேரே அலுவலகத்துக்குப் பஸ் ஏறிப் போனார்.

நிலையத்துக்குத் திரும்பியதும் முதலாளி தன் செல்ல மெஷின் பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று ஒரு வரி அடித்துப் பார்த்தார். 'டிங்' என்றது.

குனிந்து பின்னால் பார்த்தேன். பஞ்சு இல்லை. போர்வையை உதறினேன், அதிலும் இல்லை. எங்கே விழுந்தது? திரும்பி வரும்போது விழுந்திருந்தால் பரவாயில்லை. போகும்போதே விழுந்திருந்தால் அந்த மண்டபத்தில் அவருடைய சொந்த மணியும் அடித்திருக்கும், நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் குழம்பிப்போயிருக்கும். அக்காவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. முடிவு வரும்வரை அந்தப் பஞ்சை நானே சுமந்தேன். பெரியவளுக்கு ஏதாவது கடையில் வேலை கிடைக்குமா என்று இரண்டு இடத்தில் விசாரித்தும் வைத்தேன்.

ஒரு மதியம் படியில் செருப்புச் சத்தம். நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து நின்றேன். அக்கா கையில் பேடா பொட்டலம். மூச்சு வாங்கியது.

"பாஸ் டீச்சர். வேலையில பக்கா ஆயிட்டேன்."

நான் அவரைக் கட்டிக்கொண்டேன். டீச்சர் என்ற கெத்தெல்லாம் போய்விட்டது, ஓவென்று அழுதேன். அவர்தான் என்னைத் தட்டிக்கொடுத்தார். அப்புறம்தான் எனக்கு வாய் வந்தது.

"அக்கா, அன்னைக்கு ஒங்க மெஷினுல பஞ்சு விழுந்துட்டு. ஒங்ககிட்ட சொல்லாம மறைச்சுட்டேன்."

"தெரியும் டீச்சர். மொத வரியிலயே அடிச்சுது."

"அடிச்சுதா! அப்புறம் என்ன செஞ்சிய?"

"இன்னா செய்றது? எந்த மணியும் என்னுது இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க. அதுவும் என்னுது இல்லன்னு வுட்டுட்டேன். நீங்க பயந்துக்குவீங்கன்னுதான் சொல்லலை."

ஆளுக்கு ஒரு பக்கம் மூடி மறைத்துக்கொண்டு இத்தனை நாள் தூங்காமல் கிடந்திருக்கிறோம். சிரிக்க ஆரம்பித்தோம், நிறுத்த முடியவில்லை. கீழே சைக்கிள் கடைக்காரர் வெளியே வந்து மாடியை அண்ணாந்து பார்த்தார். முதலாளி ஒரு பேடாவை மெஷின் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு அதையும் தானே எடுத்துச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது படியில் நின்று அக்கா திரும்பினார்.

"எங்க வூட்டுக்காரர் போட்டோ இத்தனை நாளும் டிரங்குப் பெட்டி மேலதான் சாத்தி வச்சிருந்தேன் டீச்சர். காலி பண்ணச் சொல்லுவாங்க, எதுக்குச் செவுத்துல ஆணி அடிக்கணும்னு. நேத்து ராத்திரி பக்கத்து வூட்ல சுத்தியல் வாங்கியாந்து அடிச்சுட்டேன்."

சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரம் முடியப் போகிறது என்று அலுவலகத்துக்கு ஓடினார்.