முதுகில் தொங்கிய மல்லி

மாஞ்சோலை மலையை விட்டு இறங்கி, அம்பாசமுத்திரம் பக்கத்தில் வாடகை வீட்டுக்கு வந்த முதல் மாதம். அம்மா முப்பது வருடம் தேயிலை பறித்தவள். கீழே தேயிலை ஏது? ஊருக்கு வெளியே ஒரு மல்லித் தோட்டத்தில் மொட்டுப் பறிக்க ஆள் கேட்டார்கள். அந்த வேலை நிலைக்காவிட்டால் நான் கல்லூரிக் கடைசி வருடத்தை நிறுத்திவிட்டு ஜவுளிக்கடைக்குப் போவது என்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது.

புது மண்ணில் வாழ்க்கையைத் தொடங்குகிறவர்களைப் பற்றி எத்தனையோ நாவல்கள் வாசித்திருக்கிறேன். எல்லோரும் முதல் அத்தியாயத்திலேயே பழைய ஊரை நினைத்து அழுவார்கள். அம்மா அழவில்லை, செருப்பைத் தேடினாள்.

வேலைக்கு முதல் நாள், விடிந்ததும் நானும் கூடப் போனேன். மற்றப் பெண்கள் சேலையை முன்பக்கம் மடியாகக் கட்டி, அதில் மொட்டுகளைப் போட்டார்கள். அம்மாவும் அப்படியே கட்டினாள். இரண்டு கையாலும் விறுவிறுவென்று பறித்தாள். கை நிறைந்ததும், பழக்க தோஷம், தோளுக்கு மேலே பின்னால் எறிந்தாள். மலையில் முதுகில் பை இருக்கும். இங்கே ஈர மண்தான் இருந்தது.

"ஏ மைனி, பூமாதேவிக்கா பூப் போடுதிய?" என்று ஒருத்தி கேட்க, தோட்டமே சிரித்தது. அம்மா குனிந்து பொறுக்கினாள். நாலு செடி தாண்டியதும் மறுபடியும் எறிந்தாள். தோட்டக்கார அண்ணாச்சி பார்த்துக்கொண்டே நின்றார்.

"நாளைக்கும் ஒரு நா பாப்போம். சரிப்படலன்னா வேற வேல பாத்துக்கிடுங்க."

அன்று சாயங்காலமே அம்மா, பிரிக்காமல் கிடந்த சாக்கிலிருந்து தன் கொழுந்துப் பையை எடுத்து அலசிக் காயப்போட்டாள். மறுநாள் அதன் பட்டையைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பத்தடி தள்ளியே நடந்தேன்.

"பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ள கணக்கால்லா வாராவ!" என்றாள் தோட்டத்தில் ஒருத்தி.

"சிரிங்க, சிரிங்க. பொறவு பைய நானும் சிரிக்கேன்" என்றாள் அம்மா.

மற்றவர்கள் மடி நிறையும்போதெல்லாம் வரப்புக்கு நடந்து, கூடையில் கொட்டிவிட்டு வந்தார்கள். அம்மா நடக்கவே இல்லை. வெயில் ஏறுவதற்குள் தன் வரிசையை முடித்து, அடுத்த வரிசையில் பாதிக்கு வந்துவிட்டாள்.

அண்ணாச்சிக்குச் சந்தேகம். "ஏம்மா, பைக்குள்ள மொட்டெல்லாம் நசுங்கிருக்குமே?"

"நசுங்குன கொழுந்த மலையிலயும் எடுக்க மாட்டாவ அண்ணாச்சி. கைய விட்டுப் பாருங்க."

முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினார். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒன்றுகூடக் கசங்கவில்லை.

"நாளையிலேருந்து இதையே மாட்டிட்டு வாங்க."

நேற்றுக் கேலி செய்தவள் மெல்ல வந்து பையின் தையலைத் தடவிப் பார்த்தாள். "மைனி, எனக்கும் இப்டி ஒண்ணு தச்சுத் தருவியளா?"

இது எங்கம்மா என்று அந்தத் தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு. அம்மாவோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏட்டி, என்ன பராக்குப் பாக்க? காலேஜ் பஸ் போயிரும், ஓடு."

ஓடினேன். வரப்பு முடிகிற இடத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவள் தோளுக்கு மேலே மொட்டுகள் பறந்து பறந்து பைக்குள் விழுந்துகொண்டிருந்தன.